இரண்டு திருகு

உன் போன் என் மடியில்தான் இருக்கிறது.
ஐந்தாவது நாளும் அது
உன்னைக் கேட்டே அடிக்கிறது.
"லஸ்கர் இல்லீங்களா?
தெக்கு மதகு இன்னும் தூக்கலியே,
நாத்து பழுக்குதும்மா."
பாம்பு என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.
உடம்பு சரியில்லை என்றேன்.
அதற்கே ஒருவர்
"எத்தினி நாளைக்கு?" என்றார்.

எத்தனை நாளைக்கு.
தஞ்சாவூர் மெடிக்கலில்
இந்தக் கேள்வியை நான் கேட்காத
வெள்ளைக் கோட்டு பாக்கியில்லை.

கட்டுவிரியன்.
பல் பதிந்த இடம்கூடத் தெரியவில்லை.
ஷட்டர் கொட்டகையில் பாய் விரித்துப் படுத்தவன்
விடிகாலையில் வயிற்றுவலி என்று வந்தாய்.
ஓமத்தண்ணி கொடுத்தேன்.
ஓமத்தண்ணி கொடுத்ததை
இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை.
பிறகு உன் இமைகள் இறங்கின,
யாரோ மேலே நின்று
ஷட்டரை இறக்குகிற மாதிரி
சத்தமில்லாமல், கிரீஸ் போட்டு.
வைரக்கண்ணு என்று பெயர் வைத்த உன் அப்பா
இதைப் பார்க்காமல் போனது நல்லது.

காலையில் பத்து நிமிஷம்,
மாலையில் பத்து நிமிஷம்.
செருப்பைக் கழற்றி, பச்சை அங்கி மாட்டி
வாட்ச்மேன் பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை நிற்க வேண்டும்.
முதல் மூன்று நாள்
அந்தப் பத்து நிமிஷத்தையும் அழுதே தீர்த்தேன்.
இயந்திரம் உன் நெஞ்சை ஏற்றியது, இறக்கியது.
மோட்டார் ஓடுகிறது என்பதால்
வயல் உயிரோடிருக்கிறது என்றா அர்த்தம்?
இமையைப் பிரித்து டார்ச் அடித்தார்கள்.
கண்மணி சுருங்கவில்லை.
உன் தம்பி கட்டில் ஓரமாய் நின்று,
ஊருக்குக் கொண்டுபோக
வண்டி வாடகை விசாரித்துவிட்டதாகச் சொன்னான்.

நான்காம் நாள் ராத்திரி டியூட்டி
ஜெனிட்டா சிஸ்டர்தான் சொன்னது:
"அவருக்குக் கேக்கும்க்கா.
இந்த விஷம் தசையத்தான் கட்டும்,
காதக் கட்டாது.
பாத்துப் பேசுங்க, எல்லாம் உள்ள போவுது."

எல்லாம் உள்ளே போயிருக்கிறது.
என் ஒப்பாரி. உன் தம்பியின் வாடகைக் கணக்கு.
வெட்கமாகிவிட்டது எனக்கு.
வெட்கம் வந்த பிறகு பசி வந்தது.
கேட்டுக்கு எதிரே நான்கு இட்லி தின்றேன்,
ஐந்தாவதும் கேட்டு வாங்கினேன்.
நம்பிக்கை என்று இதைத்தான் சொல்கிறார்களோ என்னவோ.

இன்று காலை அழவில்லை.
உன் போனைப் பார்த்துப் படித்துச் சொன்னேன்:
தலையாமங்கலம் ராமையன், நாலு தடவை.
கீழத்தெரு அமிர்தவல்லி,
நாற்றங்கால் பாளம் வெடித்துவிட்டதாம்.
ஆபீசிலிருந்து, அளவு நோட்டு எங்கே என்று.
யாரோ ஒரு பெண், கடன் வேண்டுமா என்றாள்,
வேண்டாம் என்றேன், வேண்டும்தான்.
அப்புறம் உனக்கு மாற்றாள் வந்திருக்கான்,
சின்னப் பையன்.
சாவி இருக்கு, அளவு தெரியல என்கிறான்.
தெக்கு மதகை எத்தனை திருகு தூக்குறதாம்?

போர்வைக்கு வெளியே
உன் இடது கால் கட்டைவிரல்.
ஒரு தடவை.
கொசுவா என்று பார்த்தேன்.
கொசு இல்லை.
பிறகு இன்னொரு தடவை.

டாக்டர் வந்து பார்த்தபோது அது அசையவில்லை.
"இருக்கலாம்" என்றார். "பாப்போம்" என்றார்.

இருக்கலாம்.
கல்லணையில் திறந்த தண்ணீர்
கடைமடைக்கு வந்தே தீரும் என்று
எந்த வருஷம் யார் எழுதிக் கொடுத்தார்கள்?
ஆனாலும் நீ முன்கூட்டியே போய்
மதகில் அடைத்த ஆகாயத்தாமரையை,
பாட்டில்களை, செத்த கோழியை
இடுப்பளவு சேற்றில் நின்று வாரிப் போடுவாய்.
தண்ணியா, எங்க, என்று கேட்பவர்களிடம்
வருது என்பாய்,
வந்ததைப் பார்த்தவன் மாதிரி.

வெளியே வந்து அந்தப் பையனைக் கூப்பிட்டேன்.
"ரெண்டு திருகு."
"யாருக்கா சொன்னது?"
"லஸ்கர்தான்."
அவன் என்னவோ கேட்க வாயெடுத்தான்.
அதற்குள் பேட்டரி தீர்ந்துவிட்டது.

சாயங்காலப் பத்து நிமிஷத்துக்குள்
சார்ஜ் போட ஓர் இடம் தேட வேண்டும்.