வலது மேல் மூலை

வால்டிவியாவில் ஜூன் மாதம் மழை விடுவதில்லை;
விட்டதாகச் சொல்பவர்கள் வெளியூர்க்காரர்கள்.
அப்படியொரு செவ்வாய்க்கிழமை
மண்ணியல் முதலாண்டு வகுப்பில்
இருபத்துமூன்று தாள்களைத் திருத்திக் கொடுத்தேன்,
எண் போடாமல்.

ஒன்றிலிருந்து ஏழு வரை எண்ணி வளர்ந்த பிள்ளைகள்.
நான்குக்குக் கீழே போனால் சிவப்பு.
எப்படி இருக்கிறாய் என்று கேட்டால்
ஐந்து புள்ளி எட்டு என்று சொல்லிவிடக் கூடியவர்கள்.

எல்லோரும் முதலில் வலது மேல் மூலையைப் பார்த்தார்கள்.
பிறகு பின்பக்கம்.
அன்செல்மோ கத்ரிலெஃப்
தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான்,
கள்ளநோட்டைச் சோதிக்கும் கடைக்காரன் மாதிரி.
என் கையெழுத்து அவனுக்கு இடம் வலம் மாறித் தெரிந்திருக்கும்:
"களிமண்ணைப் பற்றிப் பயந்து பயந்து எழுதியிருக்கிறாய்.
தொட்டுப் பார்த்தாயா?"

இஸ்மேனியா மட்டும் வாசித்தாள்.
வாசித்து, என் வாக்கியங்களைக் கணக்கில் போட்டாள்.
'தெளிவு' என்றால் ஆறு.
ஒவ்வொரு 'ஆனால்'-க்கும் அரை குறைவு.
கேள்விக்குறிக்குக் கால்.
நான்கு வாரம் ரகசியமாகப் பதிவேடு வைத்திருந்து
ஒருநாள் என் அறைக்குக் கொண்டுவந்தாள்.
"உங்கள் கணக்கில் நான் ஐந்து புள்ளி இரண்டு.
சரிதானே, ப்ரோஃபே?"

கட்டைவிரலில் நகம் இருந்த இடத்தில் பிளாஸ்திரி.
ஏழுக்கு மேல் எண் இல்லாததால்
பள்ளி முழுக்க ஏழிலேயே நின்றவள்.
தூக்கத்தில் பல்லைக் கடித்துக் கடித்து
கடைவாயில் விரிசல்.
பரீட்சை எப்போது முடியும் என்று
பல் மருத்துவர் கேட்டாராம்.
அவளுக்குக் கேள்வி புரியவில்லை.

என்ன சொல்லியிருக்க வேண்டுமோ, இன்றும் தெரியாது.
தட்டிலிருந்த மண்ணில் ஒரு கட்டி எடுத்துக் கொடுத்து
அழுத்து என்றேன்.
எரிமலைச் சாம்பல் மண், இங்கே ட்ருமாவோ என்பார்கள்.
பார்த்தால் உலர்ந்தது.
விரல் இறுகியதும்
அதுவரை பிடித்து வைத்திருந்த தண்ணீரையெல்லாம் விட்டுவிடும்.
அவள் விரலிடுக்கில் குழைந்து வழுக்கியது.
உவமைக்காகக் கொடுக்கவில்லை;
அடுத்த வாரப் பாடம் அது.
அவள்தான் அழுதாள்.
அப்புறம் விரலை முகர்ந்து பார்த்து,
"இது ஏன் இப்படிச் செய்கிறது?" என்றாள்.
அந்த வருடத்தில் எனக்குக் கிடைத்த
முதல் கேள்வி.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுத ஆசை.
அன்செல்மோ அக்டோபரில் நின்றுவிட்டான்.
"எண் இல்லாமல் அம்மாவிடம் எதைக் காட்டுவேன்?"
ஆற்றங்கரைச் சந்தையில் மீன் விற்பவள் அவள்.
தராசில் ஏறாத எதையும் நம்பிப் பழக்கமில்லை.
அவள் பக்கமும் நியாயம்.
விடிய விடியக் குறிப்பெழுதி
எனக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது.
மாணவர் நலம் குறித்த கூட்டத்தில்
அதை நான் சொல்லவில்லை.

டிசம்பரில் பதிவாளர் அலுவலகம் எண் கேட்டது.
அந்தக் கட்டம் காலியாக இருந்தால்
கணினி சேமிக்காது.
ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, நீயே சொல் என்றேன்.
இஸ்மேனியா நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள்.
"களிமண்ணுக்கு ஆறு.
வண்டல் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.
விடுமுறையில் ஆற்றுக்குப் போய்ப் பார்க்கிறேன்.
கட்டத்தில் நீங்கள் எதையாவது போட்டுக்கொள்ளுங்கள்."
நகம் பாதி வளர்ந்திருந்தது.

அவள் போனதும்
மேசையில் கிடந்த உறையைப் பிரித்தேன்:
மாணவர்கள் என்னைப் பற்றி எழுதிய மதிப்பீடு.
நான்கு பக்கம். நெருக்கி நெருக்கி எழுதிய வரிகள்.
என் கண் நேராகப் போனது
வலது மேல் மூலைக்கு.

அங்கே ஒரு எண் இருந்தது.
அதை உங்களிடம் சொல்லப் போவதில்லை.
வரிகளை வாசிக்க
எனக்கு மூன்று நாள் ஆயிற்று.