இரண்டு படி கூடுதல்

பாந்த்ரா குர்லாவில் ஏழாவது மாடியில்
வங்கிகளுக்கு மதிப்பெண் போடுவது என் பிழைப்பு.
இன்று பெரியதன் முறை.
வாராக்கடன் பத்தியை மூன்று தடவை படித்தேன்:
புகையாத மின்நிலையம், பறக்காத விமானங்கள்,
சுங்கச்சாவடி மட்டும் கட்டி முடித்த
ஒரு நெடுஞ்சாலை.
தனியாக நின்றால் நடுத்தர மதிப்பெண்ணே அதிகம்.
ஆனால் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு,
'நெருக்கடியில் அரசு கைகொடுக்கும் வாய்ப்பு.'
மிக அதிகம் என்று டிக் செய்தேன்.
இரண்டு படி ஏறிக்கொண்டது,
லிஃப்டில் ஏறுகிற மாதிரி, மூச்சு வாங்காமல்.

அந்த இரண்டு படிக்காக
ஊரெல்லாம் அதற்கு மலிவாகக் கடன் தரும்.
மலிவாக வாங்கியதை மலிவாக விற்கும்,
விற்று இன்னும் பெருக்கும்,
பெருத்ததை இன்னும் விழ விடமாட்டார்கள்.
யானை இருந்தாலும் ஆயிரம் பொன்
இறந்தாலும் ஆயிரம் பொன்.
சாகவே விடமாட்டோம் என்றால் என்ன விலை?
அதைத்தான் கேட்கிறார்கள் என்னிடம்,
காலாண்டுக்கு ஒருமுறை.
'சந்தை வலிமை' என்று எழுதி அனுப்பினேன்.

செம்பூரில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே
ஒரு கூட்டுறவு வங்கி. நாலு கவுன்டர்,
அதில் ஒன்றில் எப்போதும் குடை காயும்.
மேனேஜர் பெட்னேகர்
கடன் கேட்பவரின் கடைக்கே போய்
சரக்கை எண்ணிவிட்டு வருவார்.
ஆட்டோ, பூக்கடை, தையல் மெஷின்,
எட்டு வருடத்தில் இரண்டுதான் நின்றுபோயின.
ஒரு மதியம் சும்மா
அதே படிவத்தை இதற்கும் நிரப்பிப் பார்த்தேன்.
எல்லாம் நன்றாகவே வந்தது,
அந்தக் கட்டம் வரை.

சனிக்கிழமை போய் என் எட்டு லட்சத்தைக் கேட்டேன்.
ஐந்துக்குக் காப்பீடு உண்டு;
மீதி மூன்றுதான் ராத்திரியில் விழித்துக்கொண்டிருக்கிறது.
அங்கே போட்டால் வட்டியில்
வருடத்துக்குப் பதின்மூவாயிரத்து அறுநூறு நஷ்டம் என்று
அவரே கணக்குப் போட்டுக் காட்டினார்.
"எங்களிடம் ஏதும் தப்பா, மேகலா மேடம்?"
தப்பில்லை.
விழுந்தால் சத்தம் கேட்காத அளவில் இருக்கிறீர்கள்.
இதை மராத்தியில் எப்படிச் சொல்ல?
வீட்டில் செலவு என்றேன்.

நம்பவில்லை. கோபப்படவும் இல்லை.
"எங்கள் வங்கியின் உபரிப் பணமும்
அங்கேதான் கிடக்கிறது, மேடம்" என்று
மேஜை டிராயரைத் துழாவி
கையெழுத்துப் போடப் பேனா ஒன்றை நீட்டினார்.
நீல எழுத்தில் அந்தப் பெயர்,
பாதி தேய்ந்து.

நன்றாகத்தான் எழுதியது.