குறிப்பேடு: மாலைப் பிரிவு

முதல் பக்கத்தில் காபிக் கறை.
அதற்குக் கீழே 1937, நவம்பர் 18, வியாழன்,
இரவு ஒன்பது நாற்பது.
அதற்கு முன்னால் கூட முடியாது,
கணக்கியல் வகுப்பு விட வேண்டும்.
பின்னாலும் முடியாது,
பத்தரைக்குக் கடைசி டிராம்.
வந்தவர் எழுவர்.

பகலில் படிப்பவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது,
கிரேக்க எழுத்தில் பெயர், பொன் சாவி,
மெழுகுவத்தி வைத்த விருந்து.
அதன் மூன்றாம் விதி: முழுநேர மாணவர் மட்டும்.
இந்த எழுவரும் முழுநேரம் உழைத்தார்கள்,
மிச்ச நேரத்தில் முதலிடம் வாங்கினார்கள்.
மிச்ச நேரத்துக்கு விதியில் இடமில்லை.
மாலையில் படித்தவர்க்கு மாலை இல்லை.

எமில் ஷ்ராட், ரொட்டி அடுப்புக்காரர், எழுந்து
பெண்களைச் சேர்ப்பதா என்று கேட்டிருக்கிறார்.
"குறிப்பு எழுதுவது யாரென்று
பார்த்துவிட்டுக் கேளுங்கள்" என்றிருக்கிறாள்
தொலைபேசி நிலையத்து ஓபல் டிரஸ்கெட்.
பதிவாகியிருக்கிறது, அவள் கையெழுத்திலேயே.

சட்டை ஊசி ஒன்று ஏழு டாலர்.
ஒன்றுதான் வாங்கினார்கள்.
படம் எடுக்கும்போது ஒருவர் குத்தி, கழற்றி,
அடுத்தவரிடம் தந்தார்.
ஏழு படம், ஏழு நெஞ்சு,
எல்லாவற்றிலும் அதே வளைந்த கொக்கி.

போர் வந்ததும் 'வராதோர்' பத்தி நீண்டது.
வொய்டாக் (கப்பலில்). வொய்டாக் (கப்பலில்).
வொய்டாக் (கப்பலில்).
அடுத்த மாதம் அந்த வரியே இல்லை.
அந்த இடத்தில்
பேனா முனை தாளைக் கிழித்திருக்கிறது.

1952.
உருக்காலை உலைக்களத்திலிருந்து ஹொரேஸ் டீஸ்லி,
அந்த ஆண்டில் எல்லாரையும்விட அதிக மதிப்பெண்,
கறுப்பர்.
ஆதரவு பதினொன்று, எதிர்ப்பு பத்து.
மறுவாரம் ஆறு விலகல் கடிதங்கள்.
எல்லாவற்றிலும் காரணம் 'வேலைப் பளு'.
ஓபல் ஆறையும் நூல் கோத்துத்
தைத்து வைத்திருக்கிறாள் ஏட்டோடு.
டீஸ்லி பத்தொன்பது ஆண்டு பொருளாளர்.
ஒரு சென்ட் குறைந்ததில்லை, ஒருநாள்
மூன்று சென்ட் கூடியிருந்தது,
அதற்கு இரண்டு பக்கம் விளக்கம்.

உருக்காலை மூடியதும் கூட்டம் பெருகியது.
முதன்முறையாகப் பகல் முழுக்க
அவர்கள் கையில் இருந்தது.
காலை வகுப்பில் இடமும் இருந்தது.
ஆனாலும் இருட்டியபிறகே வந்தார்கள்,
சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு.
டப்பாவில் என்ன இருந்ததென்று ஏடு சொல்லவில்லை.
எனக்குத் தெரியும். என் அப்பா அதில் ஒருவர்.
பென்சில்கள் இருந்தன.

போன மாதம் பதிவாளரிடமிருந்து கடிதம்.
பாடம் எல்லாம் திரைக்குப் போய்விட்டதால்
'மாலைப் பிரிவு' என்னும் வகை இனி இல்லையாம்.
ஒரு பொழுதையே நாளிலிருந்து
கழித்துவிட்டார்கள், ஒரு பத்தியில்.
சங்கத்தைக் கலைத்துவிட்டால்
பகல் சங்கம் எங்களை அன்போடு ஏற்குமாம்.
எண்பது ஆண்டு தாண்டி வந்த அன்பு.

ஆகவே நேற்று கூடினோம்.
ஈரி ஏரியிலிருந்து பனி அடித்து வீச,
பஃபலோ முழுக்க வண்டிகள் புதைந்து கிடந்தன.
பனி அள்ளும் வண்டிகளை ஏவுவது என் வேலை.
ஒன்றை இந்தத் தெரு வழியாக அனுப்பினேன்,
இதையும் பதிவு செய்கிறேன்.
வந்தவர் நால்வர்.

கலைப்புத் தீர்மானத்தை நானே படித்தேன்.
ஆதரவு எத்தனை என்று கேட்குமுன்
கடைசிப் பக்க விதிகளைப் புரட்டிய
மருந்துக்கடை ரமோனா வேலஸ் சிரித்துவிட்டாள்.
சங்கத்தைத் தொடங்க எத்தனை பேரோ
கலைக்கவும் அத்தனை பேர் வேண்டும்.
ஓபலின் கையெழுத்து, அடிக்கோடு இரண்டு.

நாங்கள் நால்வர்.
ஆகவே சங்கம் இருக்கிறது.

ஊசி என் கோட்டுப் பையில்.
செலவு: காபி, ஆறு டாலர்.
அடுத்த கூட்டம் வியாழன், ஒன்பது நாற்பது.
தயவுசெய்து எல்லாரும் வந்துவிடாதீர்கள்.

லோரெட்டா கிம்பிள்,
செயலாளர்.