ஏழாவது படிவம்

ஓடக்கரைமங்கலம். வெண்ணாற்றின் வலக்கரை. தெரு ஒன்றரை.
மிச்ச அரைத் தெருவை ஆறு எடுத்துக்கொண்டது
எந்த வருஷம் என்பதில் ஊருக்குள் மூன்று கருத்து.

நாடாவின் ஒரு முனை என் கையில்,
மறு முனை ஆரோக்கியசெல்வத்திடம்.
கட்டடத்துக்கு ஒரு படிவம்:
பெயர், வயது, கட்டியவர், உரிமையாளர்,
தற்போதைய பயன்பாடு, சேதம்.

முதலில் சத்திரம்.
கட்டியவர்: ராயப்பச் செட்டியார், கல்லில் பெரிய எழுத்தில்.
வயது: ஆங்கீரச வருஷம் தை மாதம் என்கிறது கல்.
அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்புகிற வருஷம் அது.
எத்தனையாவது ஆங்கீரச என்று கல்லுக்குச் சொல்லத் தோன்றவில்லை.
பயன்பாடு: கூட்டுறவுச் சங்கத்தின் யூரியா,
கால் உடைந்த நாற்காலி பன்னிரண்டு,
குட்டி போட்ட பூனை.

அடுத்து மதகு. ஒன்பது கண்.
திருகுக் கம்பிக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்த
லஸ்கர் வைரக்கண்ணு கேட்டார்:
"பழசுன்னு எழுதுனா இடிப்பாங்களா,
பழசுன்னு எழுதுனா விட்டுடுவாங்களா?"
ரெண்டும் நடக்கும் என்றேன்.
"அப்ப ஏழாங்கண்ணு ஒழுகுதுன்னு மட்டும் எழுதுங்க."

மாதா கோவில். கட்டியவர் ஒரு பாதிரி, லத்தீனில்.
பூச்சு உதிர்ந்த இடத்தில்
அந்தக் காலத்து மெல்லிய செங்கல்,
அதன் முகத்தில் மூன்று கோடு.
ஈரம் காயுமுன் யாரோ விரலால் இழுத்தது.
நாய்க்கால் பதிந்த செங்கல் பார்த்திருக்கிறேன்,
ஆட்டுக்குளம்பும் பார்த்திருக்கிறேன்.
இது அப்படி மிதித்துப் போனதில்லை. கணக்கு.
நூற்றுக்கு ஒன்று என்றோ
அன்றைய கூலிக்கு ஒன்று என்றோ.

தர்காவின் பின்சுவரிலும் அதே மூன்று கோடு.
துறை மண்டபத்தில் இரண்டு இடத்தில்.
நைனா முகம்மது ரைஸ் மில்லின் புகைபோக்கியில்
இடுப்பு உயரத்தில் ஒன்று.
சத்திரத்துக்குத் திரும்பி ஓடினோம்.
ஆரோக்கியசெல்வம் மூட்டையை நகர்த்த, பூனை சீற,
அங்கேயும்.

சூளை எங்கே இருந்தது என்று கேட்டால்
எல்லாக் கையும் ஒரே பக்கம் நீண்டது.
அங்கே தண்ணீர்தான் ஓடியது.

பவுனாம்பாளின் வாத்துப்பட்டி எங்கள் பட்டியலில் இல்லை.
வெள்ளம் வடிந்தபின் ஆற்றில் பொறுக்கிய கல்லை அடுக்கி
சேறு பூசி, மேலே தார்ப்பாய்.
குனிந்து உள்ளே போனேன்.
மழையும் சுண்ணாம்பும் தொடாத மூலையில்
நேற்று இழுத்ததுபோல அந்த மூன்று கோடு.

விரலை வைத்துப் பார்த்தேன்.
நடுவிரல் போகவில்லை.
மோதிரவிரல் போகவில்லை.
சுண்டுவிரல் மட்டும், அதுவும் நகத்தளவு.

"என்னக்கா?" என்றான் ஆரோக்கியசெல்வம்.
நாடா தொய்ந்து வாத்துகளின் முதுகில் கிடந்தது.

அலுவலகம் கேட்டது ஆறு. நான் ஏழாவதைப் பிரித்தேன்.
பெயர்: வாத்துப்பட்டி.
உரிமையாளர்: பவுனாம்பாள். கணவர் பெயர் வேண்டாம் என்றாள்.
பயன்பாடு: முப்பத்திரண்டு வாத்து, ஒன்று நொண்டி.
சேதம்: 'சொற்பம்' என்று எழுதி அடித்தேன்,
'மிதம்' என்று எழுதி அதையும் அடித்தேன்.
கட்டியவர் என்ற இடத்தில்
பேனாவால் மூன்று கோடு.
வயது: எட்டு.
கூடிப்போனால் ஒன்பது.