நாலு நிமிடத் தோல்

உடுத்த ஒன்பது நிமிடம்.
போய்ச் சேர நாலு.

இந்தக் கணக்கைச் சொல்லித்தான்
"எவந்தியா, உனக்குக் கிறுக்கு" என்பார்கள்
கலமாரியாவின் இரண்டாம் மாடிப் பெண்கள்,
துணி காயப்போடும் கையை நிறுத்திவிட்டு.
ஆகஸ்ட். காலை ஏழரைக்கே முப்பத்துநாலு டிகிரி.
கடல்காற்று வருமென்று
தெசலோனிக்கி முழுக்க சன்னல்கள் திறந்து கிடக்கின்றன.
காற்றோ விடுமுறைக்கு மலைக்குப் போய்விட்டது.
நான் மட்டும்
ஒரு மாட்டின் தோலுக்குள் என் தோலை நுழைத்து
முழங்காலுக்கு ஓடு, முழங்கைக்கு ஓடு,
முதுகில் ஆமை.

தூரம் இரண்டு கிலோமீட்டர், முன்னூறு மீட்டர்.
மூன்று சிக்னல், ஒரு பள்ளிக்கூடம், ஒரு மருந்துக்கடை,
எள் ரொட்டி விற்கும் தள்ளுவண்டி,
அப்புறம் எங்கள் ஆய்வுக்கூடம்.

அங்கே என் வேலை கல்லைத் தேய்ப்பது.
சாலைக்குப் போகும் கல்லை
எந்திரத்தில் ஆறு மணி நேரம் தேய்த்து
இன்னும் முனை மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பேன்.
மழுங்கினால் தோல்வி.
சொரசொரப்பு விடாத கல்லுக்கே என் கையெழுத்து.
மழையில் சக்கரம் வழுக்கக் கூடாதே.
டயரைப் பிடித்துக்கொள்ளும் கல்லுக்கு
டயர் எது தொடை எது என்று
யார் சொல்லிக்கொடுப்பது?
அதற்கு என்னிடம் சோதனை கிடையாது.

ஸ்த்ராதிஸுக்கும் இதெல்லாம் தெரியும்.
பக்கத்து மேசை. தராசு அவன் பொறுப்பு.
அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு.
ஹெல்மெட் உண்டு, முழங்கையில்,
காய்கறிக் கூடை மாதிரி.
"பக்கத்துலதானே" என்பான்.
பக்கம் என்ற சொல்லுக்குள்
அவனுக்கு ஒரு மெத்தை இருந்தது.
பதினெட்டு வருடம் அது கிழியவில்லை.
நான் வேர்த்து, கழற்றி, கொக்கியில் மாட்டி,
கழுத்தைக் கழுவிக்கொண்டு வரும்போது
அவன் இரண்டாவது காப்பியில் இருப்பான்.
சில நாள் பொறாமையாக இருந்தது.
பல நாள்.

விழுந்தது வேகத்தில் அல்ல.
மருந்துக்கடை எதிரே, பச்சை விளக்கில்,
யாரோ எறிந்த தர்பூசணித் தோல்.
முப்பதுகூட இருக்காது வண்டி.
ஐந்து மீட்டர் இழுத்துக்கொண்டு போனது.
உயிருக்கு ஒன்றுமில்லை. எலும்புக்கு ஒன்றுமில்லை.
முழங்கைக்குச் சுத்தமாக ஒன்றுமில்லை,
ஹெல்மெட்டில் ஒரு நீளக் கீறல், அவ்வளவுதான்.
வலது தொடையிலிருந்து கணுக்கால் வரை
எழுதி அழித்த மாதிரி.

செவிலி இடுக்கியால் ஒவ்வொன்றாய் எடுத்து
எஃகுக் கிண்ணத்தில் போட்டாள்.
டிங்.
டிங்.
குனிந்து பார்த்தேன்.
கறுப்பு. ஓரத்தில் லேசாய்ப் பச்சை மினுக்கு.
உலைக்கசடு, போன மார்ச்சில் வந்த லோடு.
முனை மழுங்கவே இல்லை.
பல்லைக் கடித்தபடி ஸ்த்ராதிஸ் கேட்டான்,
"நம்மதா?"
"நம்மதுதான்."
"நல்ல கல்லு" என்றான்.
செவிலி எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு
அடுத்ததை எடுத்தாள்.

செப்டம்பர் கடைசியில் வேலைக்கு வந்தான்.
முழுக்கால் சட்டை. ஷூ.
ஹெல்மெட் தலைக்கு ஏறியிருந்தது,
பட்டி மட்டும் காற்றில் ஆடிக்கொண்டு.
"கொஞ்சம் கொஞ்சமாத்தான்" என்றான்.

அவனைச் சொல்ல எனக்கென்ன.
அவன் விழுந்த அடுத்த வியாழன்,
முப்பத்தொன்பது டிகிரி,
கொக்கி முன்னால் நின்றேன்.
ஜாக்கெட் என் தோள் வடிவத்தில்
எனக்கு முன்பே களைத்துத் தொங்கியது.
ஹெல்மெட், கையுறை, பூட்ஸ். சரி.
ஜாக்கெட். சரி, சரி.
கால்சட்டையை விட்டுவிட்டேன்.
மீன்கடையில் பேசுகிற பேரம்தான்,
எதிரில் யாரும் இல்லாமல்.

முதல் சிக்னல் சிவப்பு.
பாவாடைக்குக் கீழே முழங்காலில் காற்று,
மலையிலிருந்து திரும்பிவிட்டது போல.
சுகம். பொய் சொல்லக் கூடாது, அப்படியொரு சுகம்.
காலை ஊன்றக் கீழே பார்த்தேன்.
நான் கையெழுத்துப் போட்ட சாலை
ஒவ்வொரு முனையும் வெயிலில் மினுங்க
வேலைக்குத் தயாராய்க் கிடந்தது.