வலைநூல்

ஸ்ட்ராம்னெஸ், நவம்பர்.
மூன்றரைக்கே இருட்டு.
மெயினை அணைத்துவிட்டு
தோட்டத்து விளக்குக் கம்பத்தின் மூடியைக் கழற்றுகிறாள் இங்கா.

உள்ளே சிவப்பு, கறுப்பு, பச்சை.
பழைய கணக்கு.
அவள் கொண்டுவந்த கேபிளிலோ
பழுப்பு, கறுப்பு, சாம்பல்.
கறுப்புக்கு நீல உறை போடவேண்டும்,
சாம்பலுக்குப் பச்சைமஞ்சள்.
போடாமல் விட்டால்
அடுத்து திறப்பவன் கறுப்பை என்னவென்று நினைப்பான்?

சிவப்பில் ஒரு முடிச்சு, வலைநூலில்.
பச்சையில் இரண்டு.
"யார் கட்டியது?"

குடை பிடித்து நிற்கும் மான்சி
கடல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.
"எனக்கு அதுவும் இதுவும் ஒரே நிறம்.
கடைக்காரன் சொல்லச் சொல்ல
அங்கேயே கட்டிக்கொண்டேன்.
வீட்டில் தெரியாது."

மீட்டர் முனையை ஒவ்வொன்றாக வைக்கிறாள்.
முப்பது வருஷம்;
ஒன்றும் மாறியிருக்கவில்லை.

புது உறைகளை மாட்டி முடித்து,
மூடியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கிறாள்:
"அந்த நூல் மிச்சம் இருக்கிறதா?"