அரளி டப்பா, எண் ஏழு

பகாவில், டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை.
வாடகை இருநூற்றெண்பது வெள்ளி,
மழை வந்தால் தகரத்தின் பேச்சு இலவசம்.
மேசைமேல் முப்பது ஐஸ்கிரீம் டப்பாக்கள்,
வாயில் மெல்லிய துணி, ரப்பர் பட்டை.
டப்பாவுக்கு ஒன்றாகப் பொறிவண்டுப் புழு,
முதலையை நகக்கண்ணுக்குள் அடக்கினாற்போல.

பத்துக்குப் பயற்றங்கொடியின் கறுப்பு அசுவினி.
பத்துக்கு மிளகாய்ச்செடியின் பச்சை.
பத்துக்கு
மாரியம்மன் கோயில் அரளியின் மஞ்சள்.

"பூவா வேணும்?" என்றார் பண்டாரம்.
"பூ வேணாம்ண்ணே. பூச்சி மொய்ச்ச கொழுந்து."
அரளி கேட்டு வந்தவளை
இரண்டு முறை பார்த்தார்.
"வீட்டுல எல்லாம் சரிதானே, மா?"

பகலில் செம்பனை ஆலையின் எடைமேடையில் இருக்கிறேன்.
லோரி ஏறும், லோரி இறங்கும், டன் கணக்கு.
இரவில் மில்லிகிராம்.
தராசு பல்கலைக்கழகத்தது, மாதக் கடைசியில் திருப்பித் தரவேண்டும்.
காற்றாடியை நிறுத்தி
மூச்சை அடக்கிப் புழுவைத் தட்டில் விடுகிறேன்.
கீழே யாரோ டயருக்குக் காற்றடிக்க
கடைசி இலக்கம் நடுங்குகிறது.

கறுப்பு தின்றவை ஒன்பதாம் நாள் கூட்டுப்புழு.
பச்சை தின்றவை பத்து, பதினொன்று.
மஞ்சள் தின்றவை...
தின்றன என்பது கணக்குக்குத்தான்.
கடிக்கும். கொஞ்சம் உறிஞ்சும். விட்டுவிடும்.
டப்பாச் சுவரில் வாயைத் தேய்த்துக்கொண்டு நிற்கும்.
பசித்தால் மறுபடி அதையே.
ஐந்து செத்தன.
ஓர் இரவு, தூக்கக் கலக்கத்தில்
இரண்டை ஒரே டப்பாவில் விட்டுவிட்டேன்.
விடிந்தபோது ஒன்று இருந்தது, சற்றே தடித்து.
அட்டவணையில் இழப்பு ஒன்று என்று எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
என் பெயரை எழுதியிருக்க வேண்டும்.

ஞாயிறுகளில் நோராய்னி வருவாள்,
நாசி லெமாக் தாப்பாவ் செய்துகொண்டு.
"நல்லதையே எல்லாத்துக்கும் குடுத்திட்டுப் போயேன்" என்பாள் மலாயில்.
அப்புறம் எப்படித் தெரியும், எது நல்லதென்று?
சம்பாலை மட்டும் ஓரம் ஒதுக்குகிறேன்.
அவள் பார்க்கிறாள், ஒன்றும் சொல்லவில்லை.

பதினெட்டாம் நாள் எண் ஏழு கூட்டைக் கிழித்தது.
ஈர மஞ்சள், ஒரு புள்ளியும் இல்லாமல்.
மாலைக்குள் ஒவ்வொன்றாய்ப் புள்ளிகள் ஊறி வந்தன,
மற்றவற்றில் பாதிதான் உடம்பு.
ஒரு சிறகு மட்டும் சரியாக மடியவில்லை,
இடுப்பில் செருகாத முந்தானைபோல் வெளியே கிடந்தது.

சோதனை முடிந்தது. அறிக்கையும் போய்விட்டது.
நான் நாற்பது கறுப்பு அசுவினியை எண்ணி
அதன் முன் கொட்டினேன்.
சுற்றி நடந்தது. உணர்கொம்பால் ஒன்றைத் தொட்டது.
விலகிப் போய்
நேற்றுவரை அரளிக் காம்பு கிடந்த மூலையில் நின்றது.
விளக்கை அணைத்தேன்.

காலையில் எண்ணினேன்: முப்பத்தேழு.
துணியின் மடிப்பில் தேடினேன், மூடியைத் தட்டினேன்.
முப்பத்தேழுதான்.

ஆலைச் சங்கு ஊதியது.
மூன்று என்று எழுத எங்கும் கட்டமில்லை.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டு
படியிறங்கினேன்.